தங்கக் காசு ஏன் சிவக்கிறது? நிறமேறிய பொன் நாணயங்களின் வேதியியலும் விலையும்

தங்கம் கறுக்காது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வெளிநாட்டு நாணய ஏலப் பட்டியல்களைப் புரட்டினால் விளிம்பெல்லாம் ஊதா படர்ந்த தங்கக் காசு, செங்கல் நிறத்துக்குச் சிவந்த தங்கக் காசு, அரசரின் கன்னத்தில் மயில்கழுத்து நிறம் மின்னும் ரோமானியத் தங்கக் காசு என்று படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பக்கத்தில் ‘அரிய இயற்கை டோனிங்’ என்றொரு குறிப்பு இருக்கும். பளிச்சென்ற மஞ்சளில் இருக்கும் அதே காசைவிட விலையும் பல நேரம் கூடுதலாக இருக்கும். பார்ப்பவருக்கு இரண்டு சந்தேகங்கள் சேர்ந்தே எழுகின்றன. தங்கம் நிறம் மாறாது என்றால் இது போலியா? போலி இல்லையென்றால், அழுக்குக்கா இவ்வளவு விலை?

டோனிங் என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். காசின் மேற்பரப்பு காற்றோடும், தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாள், துணி, மண் போன்றவற்றோடும் மெல்ல வினைபுரிந்து பெறும் மிக மெல்லிய நிறப்படலத்தைச் சேகரிப்பாளர்கள் அப்படி அழைக்கிறார்கள். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் செம்புக் குடத்தில் களிம்பு ஏறுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். வேறுபாடு தடிமனில் இருக்கிறது. களிம்பைச் சுரண்டி எடுக்கலாம். டோனிங் படலம் ஒரு தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும்.

தங்கம் மாறாது, காசு மாறும்

தூய தங்கம் மென்மையானது. பையில் மற்ற காசுகளோடு குலுங்கினாலே தேய்ந்துவிடும். அதனால் கைமாறிப் புழங்குவதற்கென அடித்த காசுகளில் வேறு உலோகம் கலந்தார்கள். சேகரிப்பாளர்கள் அதிகம் கையாளும் காசுகளின் கலப்பு இது:

1. பிரிட்டிஷ் சவரன், 1817 முதல்: 22 காரட், எடை 7.988 கிராம். பன்னிரண்டில் ஒரு பங்கு கலப்பு, பெரும்பாலும் செம்பு. நகைக்கடையில் நாம் சொல்லும் 8 கிராம் ‘சவரன்’ இந்தக் காசின் பெயர்தான். எடையை மட்டும் முழு எண்ணாக்கிக்கொண்டோம்.
2. அமெரிக்காவின் 20 டாலர் காசான ‘டபுள் ஈகிள்’, 1850 முதல் 1933 வரை: 90 விழுக்காடு தங்கம், எடை 33.436 கிராம்.
3. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்ட், 1967 முதல்: 22 காரட், மீதி முழுவதும் செம்பு.
4. அமெரிக்கன் ஈகிள், 1986 முதல்: 22 காரட், 3 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு.
5. கனடாவின் மேப்பிள் லீஃப், 1979 முதல்: தொடக்கத்தில் 99.9 விழுக்காடு, 1982 முதல் 99.99 விழுக்காடு தங்கம்.

விழுக்காட்டுக் கணக்கு இங்கே கண்ணை ஏமாற்றும். ‘90 விழுக்காடு தங்கம்’ என்பது எடைக் கணக்கு. வேதிவினை எடையைப் பார்த்து நடப்பதில்லை. அணுவும் அணுவும் சந்திப்பதுதான் வினை. தங்க அணுவின் நிறை 197, செம்பு அணுவின் நிறை 63.5. அதாவது ஒரு தங்க அணுவின் எடையில் மூன்று செம்பு அணுக்கள் அடங்கிவிடும். அப்படிக் கணக்கிட்டால், 90 விழுக்காட்டுக் காசில் ஏறத்தாழ நான்கு அணுக்களுக்கு ஒன்று செம்பு. 22 காரட் சவரனிலும் நூற்றுக்கு 22 அணுக்கள் செம்புதான். ‘பத்தில் ஒரு பங்குதானே செம்பு, அது எப்படி நிறம் மாற்றும்?’ என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கே பதில்.

அப்படியானால் சவரன் ஏன் செம்புக் காசைப்போலப் பச்சையாகக் களிம்பேறுவதில்லை? தங்க அணுக்கள் பெரும்பான்மையாக இருக்கும் கலவையில், உள்ளே இருக்கும் செம்பு அணுக்களுக்குத் தங்கமே மதிலாக நிற்கிறது. தங்கத்தைப் பிரித்தெடுக்கும் தொழிலில் இது பழைய அறிவு. தங்கத்தில் கலந்த வெள்ளியை நைட்ரிக் அமிலத்தால் பிரிக்க வேண்டுமானால், முதலில் ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளி என்ற கணக்கில் மேலும் வெள்ளியைச் சேர்த்து உருக்குவார்கள். தங்கம் சிறுபான்மையாகும்வரை அமிலத்தால்கூட உள்ளே புக முடியாது. அமிலத்துக்கே வழிவிடாத மதிலைக் காற்றிலிருக்கும் ஈரமும் கந்தகமும் தாண்டப்போவதில்லை. மேற்பரப்பில் தலைநீட்டிக்கொண்டிருக்கும் செம்பு அணுக்கள் மட்டும் வினைபுரிகின்றன. படலம் உருவாகிறது, மெல்லியதாகவே நின்றுபோகிறது.

இதிலும் ஒரு தடை உண்டு. காசாலையில் வில்லைகளைச் சூடாக்கி மென்மையாக்கும்போது மேற்பரப்புச் செம்பு கறுக்கும். அந்தக் கறுப்பை நீர்த்த அமிலத்தில் கழுவி எடுத்துவிட்டுத்தான் அச்சில் அடிப்பார்கள். கழுவும்போது மேல்தோலில் இருந்த செம்பு கணிசமாகப் போய்விடுகிறது. எனவே புதிய காசு, உள்ளே இருப்பதைவிடக் கூடுதல் மாற்றுள்ள, அதாவது கூடுதல் தூய்மையுள்ள, தங்கத்தால் போர்த்தப்பட்டபடி வெளிவருகிறது. பல தங்கக் காசுகள் நூறாண்டு கழித்தும் மஞ்சளாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம். நிறமேறிய தங்கக் காசு அரிதாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

மெல்லிய படலம் எப்படி வண்ணம் காட்டுகிறது

சோப்பு நீருக்கு நிறம் கிடையாது, சோப்புக் குமிழிக்கு உண்டு. மழைநாள் சாலையில் சிந்திய டீசல் வானவில்லாகப் படர்கிறது. டோனிங்கில் நடப்பதும் அதேதான். ஒளியின் ஒரு பகுதி படலத்தின் மேற்பரப்பிலிருந்து திரும்புகிறது, மறுபகுதி உள்ளே போய் உலோகத்தில் பட்டுத் திரும்புகிறது. இரண்டும் மீண்டும் சேரும்போது சில நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, சில வலுக்கின்றன. எந்த நிறம் மிஞ்சும் என்பதைப் படலத்தின் தடிமன் முடிவு செய்கிறது.

இதனால் நிறங்களுக்கு ஒரு வரிசை வாய்க்கிறது. வெள்ளிக் காசில் படலம் தடிக்கத் தடிக்க வெளிர்மஞ்சள், செம்பழுப்பு, ஊதா கலந்த சிவப்பு, நீலம் என்று வரும். இன்னும் தடித்தால் மஞ்சளும் சிவப்பும் மறுசுற்றாகத் திரும்பி வந்து, பச்சையும் தலைகாட்டும். படலம் இடத்துக்கு இடம் மெல்ல மாறுவதால், பக்கத்துப் பக்கத்து நிறங்கள் இந்த வரிசைப்படியே அமைய வேண்டும். மஞ்சளை ஒட்டி, இடையில் எதுவுமில்லாமல், திடீரென்று அடர்நீலம் நின்றால் சந்தேகப்பட வேண்டும்.

தங்கத்தில் இந்த வரிசை சற்றுத் திரியும். தங்கம் மஞ்சளாகத் தெரிவதே அது நீல ஒளியை விழுங்கிவிடுவதால்தான். அடித்தளமே நீலத்தைத் தின்னும்போது, மேலே உள்ள படலம் நீலத்தைக் காட்டுவது கடினம். எனவே தங்கக் காசில் இயல்பாக வருபவை ஆரஞ்சு, சிவப்பு, செம்பழுப்பு, அதன் பிறகு மங்கிய ஊதா. மின்னும் நீலம் வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் அது வந்தால் மற்ற எல்லாச் சான்றுகளையும் இரண்டு மடங்கு கவனமாகப் பார்ப்பது நல்லது.

பிறவி நிறம், படிவு, படலம்

விற்பனைக் குறிப்புகளில் மூன்று வெவ்வேறு சங்கதிகளை ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறார்கள். குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

முதலாவது பிறவி நிறம். க்ரூகர்ராண்ட் செம்மையாக இருப்பது டோனிங் கிடையாது. கலப்பு முழுவதும் செம்பு என்பதால் அடித்த நாளிலேயே அது அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டலோனெகா என்ற ஊரில் 1838 முதல் 1861 வரை ஒரு காசாலை நடந்தது. சுற்றுவட்டார மலைகளில் எடுத்த தங்கத்தில் இயற்கையாகவே வெள்ளி கலந்திருந்ததால், அங்கே அடித்த காசுகள் பலவற்றில் மஞ்சளோடு மெல்லிய பச்சைச் சாயல் உண்டு. அந்த ஊர்க் காசை அடையாளம் காண அந்தச் சாயலே உதவுகிறது. இவையெல்லாம் உலோகத்தின் உடல்நிறம். தேய்த்தாலும் போகாது.

இரண்டாவது படிவு. கலிபோர்னியத் தங்கத்தோடு வந்துகொண்டிருந்த ‘எஸ்.எஸ். சென்ட்ரல் அமெரிக்கா’ என்ற நீராவிக் கப்பல் 1857 செப்டம்பர் 12 அன்று கரோலினாக் கடற்கரைக்கு அப்பால் புயலில் மூழ்கியது. 1988இல் ஏறத்தாழ 2,200 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் அதே 1857இல் அடித்த 20 டாலர் காசுகள் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல் கிடைத்தன. பல காசுகளின் மேல் கப்பலின் இரும்பிலிருந்து வந்த துருவும் கடல்நீரின் தாதுக்களும் அடை அடையாக ஒட்டியிருந்தன. வல்லுநர்கள் அதைக் கரைத்து எடுத்தபோது, அடியில் அச்சிலிருந்து இறங்கிய நாள்போலவே பளபளப்பு இருந்தது. துரு காசின்மேல் உட்கார்ந்திருந்ததே தவிர, காசோடு கலக்கவில்லை. படிவை முறையாக நீக்கலாம், அதை ஏமாற்றாக யாரும் கருதுவதில்லை.

மூன்றாவதுதான் படலம். காசின் சொந்த அணுக்களே வினைபுரிந்து உருவானது. இதை நீக்கினால் காசின் தோலில் ஓர் இழை போய்விடும். டோனிங் என்ற சொல் உண்மையில் இதற்கு மட்டுமே பொருந்தும்.

இந்த மூன்றோடும் சேராத ஒன்றும் இருக்கிறது: செம்புப் புள்ளி. உருக்கும்போது சரியாகக் கலக்காத செம்புத் துகள் தகட்டில் அப்படியே தங்கி, பிறகு ஆரஞ்சாக, பழுப்பாக, சில நேரம் கறுப்பாகவே தெரியும். அமெரிக்கப் பழைய காசுகளில் இது சாதாரணம். விற்பவர் இதையும் ‘இயற்கை நிறம்’ என்பார். இயற்கைதான், ஆனால் அழகு என்று யாரும் காசு கொடுப்பதில்லை.

கலப்பே இல்லாத தங்கம் சிவந்தால்?

செம்பு வினைபுரிவதால்தான் நிறம் என்றால், 98 அல்லது 99 விழுக்காடு தூய்மையுள்ள காசு ஏன் சிவக்க வேண்டும்? கேள்வி நியாயமானது. விடைக்கான முதல் தடயம் நாணயத்திலிருந்து வரவில்லை, எகிப்தின் கல்லறையிலிருந்து வந்தது.

துட்டன்காமனின் கல்லறையில் கிடைத்த பொன் அணிகள் சிலவற்றில் ரோஜாச் சிவப்பும் ஊதாவும் கலந்த விசித்திர நிறம் இருந்தது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அதை ஆராய்ந்து 1934இல் வெளியிட்ட முடிவு: தங்கத்தில் சிறிதளவு இரும்பு இருந்திருக்கிறது, சூடாக்கியபோது மேற்பரப்பில் படலம் உருவாகி ஊதா வந்திருக்கிறது. இரும்பு கலந்த தங்கத்தைத் தாமே சூடாக்கி அந்த நிறத்தை அவர் வரவழைத்தும் காட்டினார். அந்த ஊதா, எகிப்தியக் கைவினைஞர் வேண்டுமென்றே உண்டாக்கியது என்பது அவருடைய கருத்து. வேறு பல எகிப்தியப் பொன் பொருள்களில் உள்ள சிவப்பு தற்செயலாக வந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியக ஆய்வாளர்கள் 1990இல் அதற்குக் காரணமாகக் காட்டியது, தங்கமும் வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த ஒரு சல்பைடு படலம். வெள்ளி கலந்த தங்கம் நெடுங்காலம் கந்தகத்தைச் சந்தித்ததன் விளைவு அது.

இக்காலக் காசுகளிலும் கதை இதேதான். ஆஸ்திரிய டுகாட் காசு 98.6 விழுக்காடு தங்கம். அதில் தோன்றிய சிவப்புக் கறையைச் சோதித்தபோது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த சேர்மமே கிடைத்தது. 99.9 விழுக்காடு தூய்மையுள்ள சீனப் பாண்டா காசுகளிலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றுவது சேகரிப்பாளர்களின் பழைய புலம்பல். தகடு உருட்டும் உருளையிலோ அச்சிலோ ஒட்டியிருந்த வேற்று உலோகத் துகள் ஒன்று காசின்மேல் பதிந்தால் போதும். மிச்சத்தைக் காற்றிலிருக்கும் கந்தகம் பார்த்துக்கொள்ளும். ஆக, தூய தங்கத்தில் சிவப்பு என்றால் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நிறத்தை வைத்து மாற்றை அளக்க முடியாது. அதற்கு எடை, விட்டம், அடர்த்தி என்ற பழைய வழிகள் இருக்கின்றன. தூய தங்கத்தின் அடர்த்தி 19.3. செம்பு கலந்த 22 காரட்டுக்குக் கணக்குப்படி 17.6 அளவில் வர வேண்டும்.

போஸ்கோரியாலே: ஒரு நிறத்தின் பெயர்

நிறமேறிய தங்கத்தைப் பற்றிப் பேசும் எவரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இத்தாலியில், பாம்பேய் நகருக்கு அருகிலுள்ள போஸ்கோரியாலே. அங்கே பிசனெல்லா என்ற பெயரால் அறியப்படும் பண்ணைவீட்டை அகழ்ந்தபோது, 1895இல், திராட்சை ரசம் பிழியும் பகுதியில் ஒளித்து வைத்திருந்த வெள்ளிப் பாத்திரங்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தங்கக் காசுகளும் கிடைத்தன. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை சாம்பலைக் கொட்டி மூடியபோது அங்கேயே தங்கிவிட்ட சொத்து. பாத்திரங்களில் பெரும்பகுதி இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காசுகள் வணிகர்கள் கைக்குப் போய் உலகெங்கும் சிதறிவிட்டன.

அந்தக் காசுகள் ‘ஆரியஸ்’ எனப்படும் ரோமானியத் தங்கக் காசுகள். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய பவுண்டு தங்கத்தில் ஏறத்தாழ 40 காசுகளும், நீரோ கி.பி. 64 அளவில் எடையைக் குறைத்த பிறகு 45 காசுகளும் அடித்தார்கள். இரண்டு காலத்திலும் மாற்று மிக உயர்ந்தது, கிட்டத்தட்டத் தூய தங்கம். அப்படிப்பட்ட காசுகளில் சில, எழுத்துகளின் ஓரத்திலும் முகத்தின் குழிவுகளிலும் செம்மையும் ஊதாவும், சில கோணங்களில் நீலமும் காட்டின. எரிமலைப் பொருள்களின் கந்தகச் சேர்மங்கள் பதினெட்டு நூற்றாண்டுகள் சூழ்ந்திருந்ததே காரணம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். முந்தைய பகுதியில் பார்த்த வேதியியலோடு அது பொருந்தியே போகிறது. தங்கத்தில் எஞ்சிய சிறிதளவு வெள்ளி போதும், கந்தகம்தான் தாராளமாக வேண்டும். எரிமலையடியில் அதற்கா பஞ்சம்!

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்கியது. ‘போஸ்கோரியாலே டோனிங்’ என்பது நாளடைவில் ஒரு ஊரின் பெயராக இல்லாமல் ஒரு நிறத்தின் பெயராகிவிட்டது. செம்மை படர்ந்த ஆரியஸ் எங்கே விற்பனைக்கு வந்தாலும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். சாம்பலுக்கடியில் மனிதர்கள் மூச்சடைத்து மாண்ட ஊரிலிருந்து தப்பி வந்த காசு என்ற கதைக்கு வாங்குபவரின் மனம் இளகும், பணப்பையும் இளகும். இந்தக் கதையைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. நாள்காட்டி போதும்.

1. போஸ்கோரியாலே புதையல் கி.பி. 79இல் மூடப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் டைட்டஸ் பேரரசரானார். அவருக்குப் பின் வந்த டொமிஷியன் பேரரசராகப் பொறிக்கப்பட்ட காசு, டிராஜன் காசு, ஹேட்ரியன் காசு எதுவும் அந்தப் புதையலில் இருந்திருக்க முடியாது. அவற்றில் எவ்வளவு அழகான சிவப்பு இருந்தாலும் சரி.
2. அப்படிப்பட்ட பிற்காலக் காசுகளிலும் அதே சிவப்பு காணப்படுகிறது என்பதால், அந்த நிறம் போஸ்கோரியாலேக்கு மட்டும் உரியதில்லை என்பதும் உறுதியாகிறது. எனவே 79க்கு முந்தைய காசில் அந்த நிறம் இருப்பதும் பிறப்பிடத்துக்குச் சான்றாகாது.
3. மிஞ்சுவது காகிதச் சான்று. 1895ஐ ஒட்டிய விற்பனைப் பட்டியலிலோ பழைய சேகரிப்பு ஒன்றின் பதிவிலோ அந்தக் குறிப்பிட்ட காசைத் தொடர்ச்சியாகக் காட்ட முடிந்தால்தான் அந்தப் பெயருக்கு உரிமை உண்டு.

நேர்மையான விற்பனையாளர்கள் ‘போஸ்கோரியாலே வகை’ என்று எழுதுவார்கள். அந்த ‘வகை’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பெரிய விலை வேறுபாடு ஒளிந்திருக்கிறது.

இதே காலத்து ஆரியஸ் காசுகள் நம் மண்ணிலும் கிடைத்திருக்கின்றன. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் வெளிவந்த புதையலில் 501 தங்கக் காசுகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் அரச முகத்தில் உளியால் வெட்டிய கோடு உண்டு. பேரரசர்களின் காலம் ஒன்றுதான், தங்கத்தின் மாற்றும் அதேதான். போஸ்கோரியாலே காசுக்கு நிறம் அடையாளமானது, புதுக்கோட்டைக் காசுக்கு வெட்டு அடையாளமானது. புகழ்பெற்ற நிறம் காசாலையில் பிறக்கவில்லை, புதைந்த இடத்தில்தான் பிறந்தது என்பதற்கு இந்த ஒப்பீடு கைகொடுக்கும்.

தானாக வந்ததா, வரவழைத்ததா

ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் வரும் நிறத்தை அடுப்பு ஒரு மணி நேரத்தில் தந்துவிடும். சூடு, கந்தகப் புகை, அயோடின், சில சமையலறைப் பொருள்கள்: செலவு சொற்பம், லாபம் பெரிது. காசுகளைத் தரம் பிரித்து உறையிடும் அமெரிக்க நிறுவனங்களில் முதன்மையானவை இரண்டு, 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி. இரண்டும் நிறம் செயற்கை என்று கருதினால், 70 புள்ளி அளவுகோலில் மதிப்பெண் எதுவும் தராமல், குறையை மட்டும் குறிப்பிட்டுத் திருப்பிவிடும். ஆனால் அந்தத் தீர்ப்பும் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான். படலத்தின் பிறந்த தேதியைச் சொல்லும் கருவி எதுவும் நடைமுறையில் இல்லை. ஆகவே ‘இயற்கை’ என்ற முத்திரைக்கு உண்மையான பொருள், ‘பழகிய கண்களுக்கு இயற்கையாகத் தோன்றுகிறது’ என்பதே. அந்தக் கண்கள் கவனிப்பவை:

1. மினுக்கு. தேயாத காசை விளக்கடியில் சுழற்றினால் ஒளிக்கீற்று சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றும். இயற்கைப் படலம் அந்தச் சுழற்சியை மறைக்காது, நிறத்துக்கடியிலிருந்து அது தெரியும். சுட்ட காசில் மினுக்கு செத்துப்போயிருக்கும்.
2. கீறல்கள். இதுதான் பலரும் தவறவிடும் சாட்சி. நிறமேறிய பிறகு விழுந்த கீறல் மஞ்சளாகப் பளிச்சிடும். நிறத்துக்கு முந்தைய கீறலிலும் நிறம் ஏறியிருக்கும். நூற்றுக்கணக்கான மெல்லிய தேய்ப்புக் கோடுகள் எல்லாவற்றுக்குள்ளும் ஒரே சீராக நிறம் புகுந்திருந்தால், யாரோ காசைத் தேய்த்துவிட்டு அதை மறைக்க நிறமேற்றியிருக்கிறார்கள்.
3. பரவும் முறை. தாள் உறையிலோ ஆல்பத்திலோ இருந்த காசு விளிம்பிலிருந்து உள்ளே நிறமேறும். எழுத்துகளின் நிழலில் ஒரு நிறம், திறந்த வெளியில் வேறு நிறம் இருக்கும். இரு பக்கமும் அச்சு அசலாக ஒரே நிறத்தில் இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.
4. நிற வரிசை. முன்பே சொன்னது. பச்சையும் மின்நீலமும் மஞ்சளை ஒட்டி நின்றால் அது படலத்தின் மொழி இல்லை.
5. கரைப்பான். தூய அசிட்டோனில் நனைத்தால் எண்ணெய், பிளாஸ்டிக் உறை கசிந்த பச்சைப் பிசுக்கு, மேலே பூசிய மெழுகு, வண்ணம் ஆகியவை போகும். உண்மையான படலம் போகாது. ஆனால் அடுப்பில் செய்த படலமும் போகாது. ஆகவே இது தோற்றவரை மட்டும் காட்டும், ஜெயித்தவரைக் காட்டாது.

விலையில் என்ன நடக்கிறது

வெள்ளிக் காசில் வானவில் நிறத்துக்குப் பெரிய சந்தை உண்டு. தங்கத்தில் சந்தை சிறியது, ரசனையும் பிளவுபட்டது. சீராகப் படர்ந்த செம்மைக்கும் ஊதாவுக்கும் கூடுதல் தருவோர் உண்டு, புள்ளிகளுக்குக் குறைப்போர் உண்டு. தங்கக் காசின் விலையை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்ப்பது பயன்படும். அடியில் உலோக விலை, அன்றைய சந்தை நிலவரம் அதைத் தாங்கும். அதன்மேல் அருமைக்கும் தரத்துக்குமான விலை, பழைய ஏல முடிவுகளை வைத்து அதை ஒப்பிடலாம். உச்சியில் நிறத்துக்கான விலை. இந்த மூன்றாம் அடுக்குக்கு ஒப்பீடே கிடையாது, ஏனென்றால் ஒரு காசைப்போல் இன்னொன்று நிறமேறுவதில்லை. ஏல அரங்கில் இருவர் அடம்பிடித்தால் ஏறும், ஒருவர் வராவிட்டால் விழும். விற்கும்போது திரும்பி வராமல் போகவும் அதிக வாய்ப்புள்ள பணம் இதுதான்.

அதோடு படலம் ஓய்ந்துவிட்டது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. தரநிறுவனங்களின் பிளாஸ்டிக் உறைகள் காற்று புகாதவை கிடையாது. இன்று ரசித்து வாங்கும் ரோஜா நிறம் இன்னும் இருபது ஆண்டில் மந்தமான பழுப்பாகலாம்.

காசுமாலையிலிருந்து எடுத்த சவரன்

தமிழ் வீடுகளில் பழைய தங்கக் காசு என்றால் பெரும்பாலும் விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் தலை போட்ட சவரன். அவற்றில் ஏராளமானவை காசுமாலையில் வளையம் வைத்துப் பற்றவைக்கப்பட்டவை. இந்தக் காசுகளில் அரசியின் தலைக்கு மேலே, வளையம் இருந்த இடத்தைச் சுற்றி, பழுப்பும் ஊதாவும் கலந்த அரைவட்டம் தெரிவதுண்டு. அதை அரிய டோனிங் என்று எண்ணிவிடக் கூடாது. ஊதுகுழல் நெருப்பில் 22 காரட்டின் செம்பு கறுத்த தடம் அது. சேகரிப்பாளர் கண்ணில் பற்றுவைப்பு ஒரு சேதம், அதன் நிறம் சேதத்தின் நிழல். அப்படிப்பட்ட சவரன் உலோக விலையை ஒட்டித்தான் போகும்.

மறுபுறம், மாலையில் கோர்க்கப்படாமல் பெட்டியில் கிடந்த ஒரு சவரன் இயல்பாகச் செம்மையேறியிருந்தால், நம் வீட்டு வழக்கங்களே அதற்கு எதிரி. புளி, பூந்திக்கொட்டை, பற்பொடி, பழைய பிரஷ், கடைசியில் ஆசாரியிடம் கொடுத்து மெருகு. நகைக்கு இதெல்லாம் சரி. காசில் ஒருமுறை பிரஷ் பட்டால் உண்டாகும் மயிரிழைக் கோடுகள் என்றைக்கும் போகாது, எந்தத் தரநிறுவனமும் அதை மன்னிப்பதில்லை. நகைக்கடையின் ரோஸ் நிறத் தாளில் ஆண்டுக்கணக்கில் சுற்றி வைப்பதும் வேண்டாம். ஈரம் பட்டால் சாயம் இறங்கும், மலிவான தாளில் கந்தகம் இருக்கலாம். ரப்பர் பேண்டில் கந்தகம் நிச்சயம் இருக்கிறது. பிவிசி கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறையையும் தவிர்த்து, பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும்.

பழங்காசு வாங்குவோர் இரண்டு சட்டங்களை அறிந்திருக்க வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயம் இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணில் கிடைத்த புதையலை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவித்தாக வேண்டும். ‘நிலத்தில் கிடைத்தது, மண் நிறம் அப்படியே இருக்கிறது’ என்று ஒருவர் பெருமையாகச் சொல்லி ஒரு காசை நீட்டினால், நிறத்தைப் பார்க்கும் முன் அந்த வாக்கியத்தின் முதல் பாதியை யோசிக்க வேண்டும்.

நிறத்துக்காகவே ஒரு காசை வாங்கியவர், வாங்கிய அன்றே ஒரே விளக்கொளியில், ஒரே கோணத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து இரு பக்கமும் படமெடுத்துத் தேதியிட்டு வைக்கலாம். ஆண்டுக்கொருமுறை அதே ஏற்பாட்டில் மீண்டும் எடுத்துப் பார்த்தால், படலம் நின்றுவிட்டதா நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். நகர்ந்தால் முதலில் மாற்ற வேண்டியது உறையை. காசைக் கழுவப் போகக் கூடாது.